இரும்பு கனம்தான், உயிர்?

கேள்வி: அம்பாசடர், ஃபியட் காலத்தில் கார் என்றால் இரும்பு. இன்றைய கார்கள் லேசாக உரசினாலே பம்பர் கழன்று விழுகிறது. லாபத்துக்காகத் தரத்தைக் குறைத்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்வீர்களா? - வாசகர், தென்காசி

பதில்: மாட்டேன். கனத்தையும் தரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள். அந்தக் கார்களை ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப சோக்கை இழுத்து, கிளம்பாவிட்டால் நாலு பேர் தள்ளி, மலை ஏறும்போது ரேடியேட்டர் கொதித்து, பெட்ரோல் பம்ப் சூடாகி வண்டி நின்றால் அதன்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டுக் காத்திருந்த கதைகள் வண்டி வண்டியாக வரும். எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் பிளாட்டினம் பாயின்ட்டை உப்புத்தாள் வைத்துத் தேய்க்கத் தெரியாத டிரைவர் அன்று கிடையாது. அடிக்கடி தேய்க்க வேண்டியிருந்தது, அதனால்தான். லட்சம் கிலோமீட்டர் நெருங்கினால் எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோர். இன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார் எஞ்சினைத் திறந்தே பார்க்காமல் கைமாறுகிறது.

சரி, மோதினால்? 2009இல் அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஒரு சோதனை செய்தது. 1959ஆம் வருஷத்து செவ்ரோலே பெல் ஏரையும் 2009ஆம் வருஷத்து மாலிபுவையும், டிரைவர் சீட்டில் பொம்மையை உட்கார வைத்து, இரண்டும் மணிக்கு ஏறத்தாழ 64 கிலோமீட்டர் வேகத்தில் வர, நேருக்கு நேர் மோதவிட்டார்கள். பழைய காரில் டிரைவர் உட்காரும் இடமே நொறுங்கிப்போனது. பொம்மைக்குப் பதில் மனிதர் இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய காரில் இருந்திருந்தால் காலில் காயம், அவ்வளவே. முன்பக்கம் நசுங்குவது மோதலின் வேகத்தைத் தான் வாங்கிக்கொள்ளத்தான். நசுங்காத இரும்பு அந்த அடியை நேரே உங்கள் நெஞ்சுக்கு அனுப்பும்.

இந்தியாவில் இது தானாக வந்துவிடவில்லை. 2014இல் கார்களை மோதவிட்டு நட்சத்திர மதிப்பெண் தரும் குளோபல் என்கேப் அமைப்பு இங்கு விற்ற ஐந்து சிறிய கார்களைச் சோதித்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்யம். பிறகு மோதல் சோதனை, பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், ஏர்பேக் எல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டாயமாயின. 2018இல் அதே அமைப்பின் சோதனையில் டாடா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அரசு கேட்டது, கம்பெனிகள் கொடுத்தன. கேட்காதவரை கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனால் உங்கள் மனக்குறையில் ஓர் உண்மை இருக்கிறது. அன்று ரோட்டோர மெக்கானிக் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு வண்டியை எழுப்பிவிடுவார். இன்று ஒரு சென்சார் போனாலும் கம்ப்யூட்டரை மாட்டிப் பார்க்க வேண்டும். ஹெட்லைட்டில் சின்னக் கிளிப் உடைந்தாலும் முழு செட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். உதிரி பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குக் கொடுக்காமல் தடுத்ததற்காக 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. தகடு மெலிந்ததை விட்டுவிட்டு, நம் ஊர் மெக்கானிக்கின் கையைக் கட்டிப்போட்டதைக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நானும் உங்கள் பக்கம்.