பூட்டைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள்

"ஜார்ஜியா நாட்டு மலைப்பகுதியான ஸ்வனேத்திக்குப் போகிறோம், வழியில் கிராமத்துத் தேவாலயங்கள் எல்லாம் பூட்டியே கிடக்குமாமே, மெனக்கெடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூட வருபவர்கள் பழைய கற்கோபுரங்களுக்குப் பேர்போன உச்குலி கிராமத்துக்குப் பறக்கிறார்கள், அதுதானே? எனக்கும் அதே கதைதான்.

அங்கே இருக்கும் மெஸ்தியா என்ற சின்ன நகரத்திலிருந்து உச்குலி போகும் வழியில் இப்ராரி என்று ஓர் ஊர். அங்கே அதிதூதர்கள் பெயரில் ஒரு தேவாலயம். வெளியே பார்த்தால் பம்புசெட் ரூமுக்கு அண்ணன் மாதிரி இருக்கும், அவ்வளவுதான். பூட்டு வேறு. வேனில் எல்லோரும் "சரி, கிளம்பலாம்" என்றார்கள். நான் இறங்கி ஒரு வீட்டு வாசலில் நின்று, சாவி திருகுவதுபோல் கையால் காட்டினேன். அந்த அம்மா மேட்டைப் பார்த்துக் குரல் கொடுக்க, புல் அறுத்துக்கொண்டிருந்த பெரியவர் நீளக் காம்பு அரிவாளை வேலியில் சாய்த்துவிட்டு நிதானமாக இறங்கி வந்தார். சட்டையெல்லாம் புல், கையில் ஒரு சாண் நீளச் சாவி.

பூட்டுவதைத் தப்பு சொல்லாதீர்கள். படையெடுப்புக் காலங்களில் சமவெளியின் விலையுயர்ந்த சிலுவைகளும் ஐகான்கள் எனும் புனிதர் படங்களும் இந்த மலைக்குத்தான் பத்திரமாக வந்தன, அதனால் சாவி ஊர்க்காரர் கையில்தான் இருக்கும்.

துப்பட்டாவைத் தலையில் போட்டுக் குனிந்து நுழைந்தேன். ஒரே இருட்டு. அவர் மெல்லிய மெழுகுத் திரி ஒன்றைக் கொளுத்திக் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரிலிருந்து பெரிய பெரிய கண்கள் என்னையே பார்த்தன. 1096-ல் தெவ்தோரே வரைந்தவை. ஜார்ஜிய மன்னர் தாவித் காலத்தில் 'அரசரின் ஓவியர்' என்றே அவருக்குப் பெயர். அப்படிப்பட்டவர் இந்தத் துக்குணூண்டு இடத்துக்கு மலையேறி வந்திருக்கிறார், 1130-ல் பக்கத்து நகிபாரியிலும் அவர் கைதான். நான் கிறிஸ்தவரும் இல்லை, ஓவியம் படித்தவளும் இல்லை, யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

அதற்குள் வெளியே ஹாரன். "இருட்டு ரூமுக்கு அரை மணி நேரமா?" என்று கேட்டவர் என் கணவரின் நண்பர். கோபுரத்துக்குக் கோபுரம் இறக்கி நிறுத்திப் போட்டோ எடுத்தவரும் அவரே! திரும்பி வந்து கணக்குப் பார்த்தபோது, டிரைவரின் காத்திருப்புக் கூலியை எங்கள் பேரில் மட்டும் எழுதினார் பாருங்கள். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆறவில்லை.

முதல் நாள் இரவே தங்கும் வீட்டில் சாவி யாரிடம் என்று விசாரித்துவிடுங்கள். கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். சில்லறை லாரி வைத்திருங்கள், லாரி என்றால் அந்த ஊர்ப் பணம். நான் நோட்டை நீட்டியபோது பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உள்ளே இருந்த உண்டியலைத்தான் காட்டினார்.