அதிகம் பேசாதவரை எந்தச் சொல்லால் குறிப்பது?

அதிகம் பேசாமல் ஒதுங்கியிருப்பவர்களையும் அவர்களுக்கு நேர்மாறானவர்களையும் குறிக்கத் தமிழில் என்னென்ன சொற்கள் உள்ளன என்று கேட்டிருக்கிறீர்கள். சொற்களுக்குப் பஞ்சமில்லை, ஆனால் அவற்றுள் பல, ஒருவர் எவ்வளவு பேசுகிறார் என்பதைவிட, அவர் ஏன் பேசுவதில்லை என்று மற்றவர்கள் எண்ணுகிறார்கள் என்பதையே சொல்வதால், பார்த்துத்தான் எடுத்தாள வேண்டும்.

என் சித்தப்பா ஒருவர் கல்யாண வீடுகளில் இலை போடுவதும் தண்ணீர் ஊற்றுவதுமாகப் பந்தி முடியும்வரை இருக்குமிடம் தெரியாமல் வேலை செய்வார். அவரைச் ‘சாது, தங்கமான மனுஷன்’ என்று புகழ்ந்த அதே உறவினர்கள், நிலம் விற்ற விலையை அவர் யாரிடமும் சொல்லாதபோது ‘சரியான அழுத்தக்காரர்’ என்றார்கள். அவருடைய சுபாவத்தில் எந்த மாற்றமும் இல்லை.

கூச்சத்தால் பேசாதவர் சங்கோஜி. எதிர்த்துப் பேசத் தெரியாதவர் வாயில்லாப் பூச்சி. எத்தனை முறை கேட்டாலும் வாய் திறக்காமல் சாதிப்பவர் கல்லுளிமங்கன். உம்மணாமூஞ்சி என்பது பேச்சைவிட, சிரிப்பில்லாத முகத்தைப் பற்றியது. அடக்கமானவர் என்பதை அமைதியானவர் என்பதற்கு மாற்றாகப் பலர் எழுதுகிறார்கள். நன்றாகப் பேசும் ஒருவரும் அடக்கமானவராக இருக்கலாம் என்பதால், இவ்விரண்டையும் பிரித்தே வழங்க வேண்டும் என்பது என் கருத்து.

எதிர்ப்பக்கத்தில், மனமாரப் பாராட்டும் சொல் கலகலப்பானவர். ரகசியம் தங்காதவர் ஓட்டைவாய். செயலின்றிப் பெருமை பேசுவது வாய்ச்சவடால். கேட்பவரைச் சலிக்க வைப்பது தொணதொணப்பு. வாயாடி என்ற சொல் சிறுமியிடம் செல்லமாகவும், வளர்ந்த பெண்ணிடம் பழிப்பாகவும் ஒலிக்கிறது. அதே பேச்சு ஓர் ஆணிடம் இருந்தால் திறமை எனப் பெயர் பெறுவது நியாயமில்லை. மிகுதியாகப் பேசுவதைப் பற்றி வள்ளுவர் 649ஆம் குறளில், குற்றமற்ற சில சொற்களால் சொல்லத் தெரியாதவரே பல சொல்ல விரும்புவர் என்கிறார்.

உளவியல் கட்டுரைகளில் அகமுகர், புறமுகர் என்று எழுதுகிறார்கள். சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் விரிவாக விளக்கிய இந்தப் பாகுபாடு, மனத்தின் நாட்டம் உள்நோக்கியதா வெளிநோக்கியதா என்பதைக் குறிக்கிறதே தவிர, யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ செய்வதில்லை. ஆயினும், பேச்சு வழக்கிலும், மாணவரைப் பற்றி ஆசிரியர் எழுதும் குறிப்பிலும் ‘அதிகம் பேசமாட்டான், கேட்டால் தெளிவாகப் பதில் சொல்வான்’ என்று நேராகச் சொல்வதையே நான் விரும்புவேன்.