"இனி வராதே" என்கிறான் சிறையிலிருக்கும் தம்பி: உளவியல் சிகிச்சை உதவுமா?

கேள்வி: என் தம்பி முதன்முறையாகக் கைதாகி, திருச்சி மத்திய சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். ஜாமீன் தள்ளுபடியான பிறகு மனு கொடுத்து அவனைப் பார்க்கப் போனேன். "இனி வராதேக்கா, வண்டியை வித்துக் கடனை அடைச்சிடு" என்றான். பயமாக இருக்கிறது. உள்ளே கவுன்சலிங் கொடுப்பார்கள் என்கிறார்கள், அது அறிவுரைதானே?
– மன்னார்குடி வாசகி

பதில்: உங்கள் அச்சம் நியாயமானது. பார்க்க வரவேண்டாம் என்பதும் உடைமைக்கு ஏற்பாடு சொல்வதும் சேர்ந்து வரும்போது, அதை வெறும் விரக்திப் பேச்சு என்று ஒதுக்கக் கூடாது. சிறைக்குள் நுழைந்த முதல் நாள்கள், ஜாமீன் மறுக்கப்பட்ட வேளை, வீட்டிலிருந்து கெட்ட செய்தி வந்த வேளை ஆகியவற்றில் தற்கொலை ஆபத்து கூடுதல். ஆகவே அடுத்த வாய்தாவுக்குக் காத்திராமல், தம்பி சொன்ன சொற்களை அப்படியே எழுதி, சிறைக் கண்காணிப்பாளரிடமும் சிறை மருத்துவரிடமும் இன்றே சேர்ப்பித்து, ஒரு நகலை வழக்கறிஞரிடம் கொடுங்கள். இதனால் அவர்மீது புதிய வழக்கு வருமோ என்று தயங்க வேண்டாம். இத்தகைய எண்ணம் இருப்பதோ அதை வெளியே சொல்வதோ குற்றமன்று.

"தைரியமாக இரு, அம்மாவை நினைத்துப் பார்" என்பதுதான் அறிவுரை. ஏற்கெனவே குற்றவுணர்வில் இருப்பவருக்கு அது சுமையைக் கூட்டுவதும் உண்டு. சிகிச்சை வேறு. இங்கிலாந்தில் 62 ஆண் கைதிகளிடம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வொன்றில், வழக்கமான கவனிப்போடு அதிகபட்சம் 20 அமர்வுகள் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் பெற்றவர்களிடம், அது பெறாதவர்களைவிடத் தற்கொலை சார்ந்த நடத்தைகள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் சிறைச் சுவருக்குள் இது நடக்கக்கூடியது என்பதைக் காட்டியது.

அதில் என்ன செய்வார்கள்? எண்ணம் எந்த நேரத்தில் வருகிறது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது என்று உளவியலாளர் ஒவ்வொன்றாகக் கேட்பார். பலருக்கும் அது மாலையில் கைதிகளை எண்ணி அறையில் அடைத்த பிறகு, பேச ஆளில்லாத நேரமாக இருக்கும். "என்னால் குடும்பமே அழிந்தது, இனி வழியே இல்லை" என்ற முடிவைத் தம்பியே சோதித்துப் பார்க்கும்படி, ஜாமீன் மறுப்பு வழக்கின் முடிவன்று, உயர் நீதிமன்றத்தை அணுகலாம் என்பன போன்ற உண்மைகளை எதிரே வைப்பார். பிறகு இருவரும் சேர்ந்து ஒரு தாளில் பாதுகாப்புத் திட்டம் எழுதுவார்கள்: தூக்கம் கெடுவது, சோற்றைத் தள்ளிவைப்பது போன்ற முன் அறிகுறிகள், மனத்தைத் திருப்ப அவரே செய்யக்கூடியவை, யாரிடம் சொல்வது. நினைத்த இரவில் போன் செய்ய முடியாத இடம் அது என்பதால், கடைசி வரியில் அதே பிளாக்கில் அவர் நம்பும் ஒரு கைதியும் இரவுப் பணிக் காவலரும் இருந்தாக வேண்டும். பிரிட்டனில் 1991 முதலே பயிற்சி பெற்ற கைதிகள் சக கைதிகளுக்குச் செவிகொடுத்து வருகிறார்கள்.

பாதுகாப்பு என்று சொல்லித் தனி அறையில் அடைப்பது சிகிச்சை ஆகாது. தனிமை ஆபத்தைக் கூட்டும். உங்கள் கடிதத்தில் இதையும் குறிப்பிட்டு, ஆள்துணையோடு வைக்கும்படி கேளுங்கள்.

அவர் வரவேண்டாம் என்றாலும் போங்கள். "செத்துப்போகலாம்னு தோணுதாடா?" என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. "அடுத்த வாரம் ஜாமீன் நிச்சயம்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது பொய்த்துப்போகும் நாள்தான் அவருக்கு மிகவும் மோசமான நாளாக இருக்கும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வந்ததா, கடன்காரருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைச் சொல்லி, மறுபடி வரும் தேதியையும் சொல்லி, அன்றே போய் நில்லுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லையெனில் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம்.

உங்களுக்கே தூக்கம் கெட்டிருந்தால் அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். தம்பி ஜாமீனில் வந்த பிறகும் முதல் சில வாரங்கள் கவனம் தேவை என்பதால், சிறையில் தரப்பட்ட மருந்துச் சீட்டோடு திருவாரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள்.