ஊடகம் படிக்கப் போகிறவர் 'தி நியூஸ்ரூம்' தொடரைப் பார்க்க வேண்டுமா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் படிக்கப் போகிறேன், 'தி நியூஸ்ரூம்' தொடரைப் பார்த்தால் ஏதும் பயன் உண்டா, செய்தி நிகழ்ச்சி உண்மையில் அப்படித்தான் தயாராகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னத் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் வேலை செய்கிறேன், அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

கட்டாயம் பாருங்கள். கையில் வந்துவிட்ட ஒரு செய்தியைப் போடாமல் பிடித்து வைத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்தத் தொடர் அளவுக்குக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: ஆரன் சோர்கின் எழுதி எச்.பி.ஓ. என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் 2012 தொடக்கம் 2014 வரை போன தொடர், மூன்று பருவங்களிலும் சேர்த்து 25 பகுதிகள். ஏ.சி.என். என்ற கற்பனைத் தொலைக்காட்சியின் இரவுச் செய்தி நிகழ்ச்சிதான் களம். வாசிப்பாளர் வில் மக்காவோயாக ஜெஃப் டேனியல்ஸ் நடித்திருக்கிறார், அதற்கு 2013இல் எம்மி விருதும் கிடைத்தது. ஆட்கள் கற்பனை, ஆனால் அவர்கள் சொல்லும் செய்திகளில் கனக்க உண்மையில் நடந்தவை. யூடியூபில் எல்லோரும் பார்ப்பது முதல் பகுதியில் அவர் மேடையில் அமெரிக்காவைப் பற்றிப் பொரிந்து தள்ளும் பேச்சைத்தான். அதை மட்டும் பார்த்துவிட்டுத் தொடர் முழுக்க இப்படித்தான் பிரசங்கம் என்று விட்டவர்கள் எனக்குத் தெரிய நிறையப் பேர். அது நியாயமில்லை.

முதல் பருவத்தின் நாலாவது பகுதியின் கடைசிப் பத்து நிமிடத்தைச் சொல்கிறேன். 2011 ஜனவரி 8, ஒரு சனிக்கிழமை, அரிசோனாவில் காங்கிரஸ் உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸ் மக்களைச் சந்தித்துக்கொண்டிருந்த இடத்தில் துப்பாக்கிச் சூடு நடக்கிறது. ஆறு பேர் இறந்துபோனார்கள், அவருக்குத் தலையில் சூடு. இது நிஜச் சம்பவம். அமெரிக்கப் பொது வானொலி அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது, பெரிய தொலைக்காட்சிகளும் ஒன்றன் பின் ஒன்றாக அதையே சொல்லின. அவர் இறக்கவில்லை, இன்றைக்கும் இருக்கிறார். தொடரில் என்ன நடக்கிறதென்றால், நேரலை போய்க்கொண்டிருக்கும்போது நிறுவனத்தின் மேலிடத்து ஆள் கட்டுப்பாட்டு அறைக்குள் வந்து, மற்ற எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நீங்கள் மட்டும் ஏன் சும்மா இருக்கிறீர்கள், ஒவ்வொரு நொடியும் ஆயிரம் பேர் சானல் மாற்றுகிறார்கள் என்று கத்துகிறார். அங்கே நிற்கும் டான் என்ற தயாரிப்பாளர், அதுவரை நமக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு பாத்திரம், அவர்தான் சொல்கிறார், ஒருவர் இறந்தாரென்று சொல்ல வேண்டியவர் வைத்தியர், செய்தி இல்லை என்று. வில் அறிவிக்காமல் இருக்கிறார். கொஞ்ச நேரத்தில் உயிர் இருக்கிறது என்ற தகவல் வருகிறது.

படம் என்பதால் உடனே நல்ல முடிவு வந்துவிடுகிறது. இங்கே அப்படி வராது. ஒரு நாள் பின்னேரம் சாவகச்சேரிப் பக்கம் ஏ9 வீதியில் விபத்து. பிரதேசச் செய்தியாளர் வட்ஸ்அப்பில் படம் அனுப்பி முடிக்க முன்னமே அடிபட்ட பெடியனின் பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம், எல்லாம் போட்டுப் பேஸ்புக்கில் கண்ணீர் அஞ்சலி ஓடத் தொடங்கிவிட்டது. "என்னடாப்பா, எல்லாரும் போட்டிட்டாங்கள், நாங்கள் மட்டும் பாத்துக்கொண்டு இருக்கிறம்" என்று பக்கத்து மேசையில் ஒரே கரைச்சல். எங்கள் செய்தி ஆசிரியர் அண்ணை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "ஆஸ்பத்திரியில இருந்து ஆராவது சொன்னவையே?" என்று மட்டும் கேட்டார். போதனா வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்தால், ஆள் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள். இரவுச் செய்தியில் படுகாயம் என்றுதான் போனது, பெயரும் சொல்லவில்லை.

அந்தப் பெடியன் தப்பவில்லை, சில நாள் கழித்துக் காலமானார். அப்படியென்றால் அன்றைக்குப் பொறுத்ததில் என்ன பயன் என்று அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். எனக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. அந்த நாட்களில் தகப்பன் ஆஸ்பத்திரி விடுதி வாசலில் நின்றார், தாய் கோயிலுக்கு நேர்த்தி வைத்தா, கனடாவில் இருந்த தமக்கை மணிக்கொருதரம் எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தா. உயிரோடு கிடந்த பிள்ளையைச் செத்தவனாக்கி அவர்கள் காதில் போட எங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? எங்கள் சனத்தில் பாதி வெளிநாட்டில், இங்கே நடப்பதை முதலில் கைபேசியில்தான் பார்க்கிறார்கள். அதனால் இந்தப் பொறுமை நியூயோர்க்கைவிட யாழ்ப்பாணத்துக்குத்தான் கூடத் தேவை என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பருவம் இன்னும் ஆழம். அமெரிக்கப் படை சரின் நச்சு வாயுவைப் பாவித்தது என்று இந்த அணி ஒரு பெரிய செய்தியை மாதக்கணக்கில் தோண்டி ஒளிபரப்புகிறது, பிறகு அது பிழை என்று தெரிகிறது. 1998 ஜூனில் சி.என்.என்., டைம் சஞ்சிகையோடு சேர்ந்து, 1970இல் லாவோஸில் சரின் பாவிக்கப்பட்டதாகச் செய்தி போட்டு அடுத்த மாதமே திரும்பப் பெற்றது. அதைத்தான் சோர்கின் அடித்தளமாக எடுத்திருக்கிறார். தொடரில் ஒரு தயாரிப்பாளர், ஓய்வுபெற்ற ஜெனரலின் பேட்டியில் "பாவித்திருந்தால்" என்ற நிபந்தனையை வெட்டி எடுத்து, நேராக ஒப்புக்கொண்ட மாதிரி ஆக்கிவிடுகிறார். பிடிபடுவது எப்படியென்றால், ஜெனரலுக்குப் பின்னால் தொலைக்காட்சியில் கூடைப்பந்து ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது, பேச்சு வெட்டில்லாமல் தொடர்ச்சியாக வருகிறது, ஆனால் திரையில் இருக்கும் ஆட்டக் கடிகாரம் திடீரென்று குதிக்கிறது!

ஒளித்தொகுப்பு மேசையில் இருந்தவர்களுக்கு இந்தக் காட்சி வயிற்றைக் கலக்கும். கூட்டத்தில் ஒருவர் நீட்டி முழக்கிய பேச்சை அரை நிமிடமாக வெட்டுவது எங்கள் அன்றாட வேலை. வெட்டிய இடம் தெரியாமல் இருக்கக் கேட்பவர் தலையாட்டுவதையோ மேசையில் இருக்கும் கையையோ நடுவில் ஒட்டுவோம், பார்ப்பவருக்கு ஒன்றும் விளங்காது. அதனால்தான் வெட்டாத முழுப் பதிவை வைத்திருக்க வேண்டும், வெட்டியதை ஒளிபரப்ப முன் இன்னொருவர் முழுப் பதிவோடு ஒத்துப் பார்க்க வேண்டும். இதைப் படிக்கிற காலத்திலேயே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. நடந்து முடிந்ததை இரண்டு வருடம் கழித்து எழுதுவதால் இவர்களுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. 2010 ஏப்ரலில் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்த் துரப்பண மேடை வெடித்த செய்தியில், ஒரு தயாரிப்பாளருக்குத் தமக்கை அதில் சம்பந்தப்பட்ட ஒரு கம்பனியில், பழைய அறைத்தோழன் இன்னொரு கம்பனியில். அப்படிக் கையோடு மூலங்கள் கிடைத்தால் எந்த ஊரிலும் வேலை சுலபம். காதல் கதைகள் இழுவை. மக்கென்சி போன்ற போர்க்களம் பார்த்த தயாரிப்பாளரை ஒரு மின்னஞ்சலை ஒழுங்காக அனுப்பத் தெரியாதவராகக் காட்டியது எனக்குப் பிடிக்கவே இல்லை.

இன்னொன்றையும் மனதில் வைத்துப் பாருங்கள். அந்த அறையில் உள்ளவர்களின் பயம் வேலை போகும், பார்ப்பவர் தொகை குறையும் என்பதுதான். 1981இல் நூலகத்தோடு ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிக்கப்பட்ட ஊர் இது. 2000 ஒக்ரோபரில் ஊடகவியலாளர் நிமலராஜன் அவரது வீட்டிலேயே கொல்லப்பட்டார், 2006 மே 2 அன்று உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். இங்கே செய்தி அறைக் கதை யாராவது எழுதினால், அது நீங்களாகவும் இருக்கலாம், அதன் பயம் வேறு மாதிரித்தான் இருக்கும்.

பார்க்கும் முறை பற்றி: பேச்சு வேகம் அதிகம், ஆங்கில உபதலைப்பைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் பருவத்தில் காதல் காட்சிகளைத் தள்ளிவிட்டுப் பார்த்தாலும் பெரிய நட்டமில்லை. இரண்டாம் பருவத்தை மட்டும் ஒரு காட்சியும் விடாமல் பாருங்கள், அந்தப் பிழைச் செய்தி பற்றிச் சட்டத்தரணிகள் அணியில் உள்ளவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரிக்கும் காட்சிகள் தொடக்கத்தில் குழப்பும், ஆனால் யார் எந்த இடத்தில் கேள்வி கேட்காமல் விட்டார் என்பது அங்கேதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவரும்.