நாவலந்தீவு எந்தக் கண்டம்?

அன்புள்ள ஐயா,

போன வாரம் கொடைக்கானல் குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் மகள் பெயருக்கு அர்ச்சனை செய்தோம். சங்கல்பத்தில் ‘ஜம்பூ த்வீபே, பாரத வர்ஷே, மேரோர் தக்ஷிணே பார்ச்வே’ என்று வந்ததும், “அது எங்கேம்மா இருக்கு?” என்றாள். ஏழாவது படிக்கிறாள். எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில், புராணத் தீவுகளில் ஜம்பு ஆசியா, சாகம் ஆப்பிரிக்கா, புஷ்கரம் அமெரிக்கா என்று ஒரு படம் சுற்றுகிறது. அதைக் காட்டலாமா?

ம., பண்ணைக்காடு

அன்புள்ள ம.,

காட்ட வேண்டாம். அந்தப் படத்துக்கு ஒரு வெள்ளைக்காரப் பாட்டன் உண்டு. பிரான்சிஸ் வில்ஃபோர்டு என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாள அதிகாரி, காசியில் இருந்துகொண்டு பிரிட்டனைப் புராணங்களுக்குள் தேடினார்; புராணங்களில் வரும் சுவேதத் தீவு, அதாவது வெள்ளைத் தீவு, அதுதான் என்றும் முடிவு கட்டினார். உதவிக்கு வைத்திருந்த பண்டிதரோ, துரை எதைத் தேடுகிறாரோ அதையே சுவடியில் திருத்தி எழுதிக் கொடுத்திருக்கிறார். குட்டு உடைந்ததை 1805-ல் வில்ஃபோர்டே அச்சில் ஒப்புக்கொண்டார். அதற்காகத் தேடுவதை விட்டாரா என்றால், இல்லை.

விஷ்ணு புராணம் சொல்லும் ஏழு தீவுகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடப்பவை அல்ல. நடுவில் நாவலந்தீவு (சங்கல்பத்தில் வந்த ஜம்பூ த்வீபம்), அதைச் சுற்றி உப்புக்கடல், அதைச் சுற்றி அடுத்த தீவு என்று வளையம் வளையமாகப் போகும். அடுத்தடுத்த கடல்கள் கருப்பஞ்சாறு, கள், நெய், தயிர், பால், கடைசியில் நன்னீர். தீவுக்குத் தீவு அகலம் இரட்டிப்பு. நாவலந்தீவு 1 லட்சம் யோசனை (பழைய தூர அளவு) என்றால் ஏழாவதான புஷ்கரம் 64 லட்சம். இதில் ஆப்பிரிக்காவை எங்கே கொண்டுபோய் ஒட்டுவது? நடுவில் இருப்பது மேரு மலை, 84,000 யோசனை உயரம். நாம் அதற்குத் தெற்கே நிற்கிறோம். சங்கல்பம் சொல்வது அவ்வளவுதான். பூஜைக்கு உட்காருகிறவர் தன் விலாசத்தைச் சொல்லிக்கொள்கிறார்.

அளக்கத் தெரியாமல் இப்படிச் சொல்லவில்லை. கி.பி. 499-ஐ ஒட்டி வானியலாளர் ஆரியபட்டர் பூமியை உருண்டை என்கிறார், விட்டம் 1050 யோசனை என்கிறார். மேருவை அவர் விட்டுவிடவில்லை, ஒரே ஒரு யோசனை உயரத்துக்குக் குறைத்துவிட்டார்! கடம்பம்பூ உருண்டையில் எல்லாப் பக்கமும் பூவிதழ் நிற்பதுபோல உலகைச் சுற்றிலும் உயிர்கள் நிற்கின்றன என்று அவர் சொன்ன உவமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். முருகனுக்கு உகந்த பூ அல்லவா.

உலகைச் சுற்றுவதில் இரண்டு விதம் உண்டு என்பது பழனிப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த கதைதான். ஒருவர் அம்மையப்பனைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொண்டார். புராணத் தீவுகள் அந்த வகைச் சுற்று. நிஜமாகவே மயிலேறிச் சுற்றிவிட்டு வந்தவர் கோபித்துக்கொண்டு நின்ற மலை, வானம் தெளிந்திருந்தால் அந்தக் குறிஞ்சி ஆண்டவர் கோயில் வாசலிலிருந்தே கீழே தெரியும். மகளுக்கு அங்கே வைத்து இதைச் சொல்லுங்கள்.

நாவல் மரத்தையும் காட்டுங்கள். மேருப் பக்கத்து நாவல் மரத்தில் யானை அளவு பழம் விழுந்து, சாறு ஆறாக ஓடுகிறதாம். நம் மலைரோட்டில் ஆனி, ஆடியில் நாவல் மரத்தடியைப் பாருங்கள், வண்டிச் சக்கரம் ஏறி நசுங்கிய பழத்தால் தார் முழுக்க ஊதாக் கறை. வெள்ளைச் சட்டையோடு மட்டும் கூட்டிப் போகாதீர்கள்.