விறைப்புக் குறைபாட்டு கோரிக்கையை வி.ஏ. (அமெரிக்க முன்னாள் படைவீரர் துறை) நிராகரித்துவிட்டது, பூஜ்யம் சதவீதத்துக்காக அப்பீல் போக வேண்டுமா?

கேள்வி: திருநெல்வேலிப் பக்கம் பிறந்தவன். மாணவர் விசாவில் அமெரிக்கா வந்து, 2009ல் வெளிநாட்டவரையும் சேர்த்துக்கொள்ளும் மாவ்னி திட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்தேன். 2012ல் ஆப்கானிஸ்தான். 2016ல் வெளியே வந்துவிட்டேன். இப்போது டெக்சஸில் இருக்கிறேன். பி.டி.எஸ்.டி.க்கு (போர் அதிர்ச்சியால் வந்த மனநலப் பாதிப்பு) 70 சதவீத இழப்பீடு வருகிறது. அதற்காக 2019 முதல் செர்ட்ரலின் என்ற மனச்சோர்வு மாத்திரை சாப்பிடுகிறேன். சில மாதங்களிலேயே விறைப்புப் பிரச்சினை ஆரம்பித்தது. 2022ல் சர்க்கரை நோயும் வந்தது. வி.ஏ.வில் இ.டி.க்கு, அதாவது இந்த விறைப்புக் குறைபாட்டுக்கு, மனு போட்டேன். ஒன்பது மாதத்துக்கு முன் மறுத்துவிட்டார்கள். பணிக்காலப் பதிவில் இந்தப் புகார் இல்லை, சர்க்கரையும் உடல் எடையும்தான் காரணம் என்கிறார்கள். பரிசோதனையில் உடையைக் கழற்றக் கூச்சப்பட்டு மறுத்தேன், அதனால்தான் போயிற்றோ? நண்பர் ஒருவர் இதே குறைக்கு 20 சதவீதம் வாங்குகிறார். எனக்கு ஜெயித்தாலும் பூஜ்யம்தான் என்கிறார்கள். இதற்காக அப்பீல் போவது வீண் வேலையா?

பதில்: முதலில் ஒரு வார்த்தை. நம் ஊரில் இதற்கு 'ஆண்மைக்குறைவு' என்று பெயர் வைத்து, லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் வைத்தியர்களின் சுவர் விளம்பரத்தோடு சேர்த்துவிட்டார்கள். பலர் இந்த மனுவைப் போடாமலே விடுவதற்கு அந்தச் சொல்லும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். வி.ஏ. பார்ப்பது உடம்பின் ஒரு செயல்பாடு போயிருக்கிறதா என்பதை மட்டும்தான். காது கேட்கவில்லை என்று எழுதுவது போல இதையும் எழுதுங்கள்.

பூஜ்யத்தைப் பற்றி. உங்கள் நண்பர் சொல்வதும் உண்மை, மற்றவர்கள் சொல்வதும் உண்மை. 7522 என்ற நோய்க்குறியீட்டின் கீழ், உறுப்பில் உருக்குலைவும் விறைப்பு இழப்பும் சேர்ந்து இருந்தால் முன்பு 20 சதவீதம் தந்தார்கள். 2021 நவம்பர் 14 முதல் விதி மாறிவிட்டது. இப்போது உருக்குலைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பூஜ்யம். பழைய விதியில் வாங்கியவரை உங்களோடு ஒப்பிட வேண்டாம்.

ஆனால் அந்தப் பூஜ்யத்துக்குப் பக்கத்திலேயே ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது: சிறப்பு மாதாந்தர இழப்பீடு பொருந்துமா என்று பார்க்க வேண்டும் என்று. எஸ்.எம்.சி.-கே என்பார்கள். இனப்பெருக்க உறுப்பின் பயன்பாட்டை இழந்தவருக்குச் சட்டம் தனியாகத் தரும் தொகை. 2024 டிசம்பர் 1 முதல் வந்த விகிதப்படி மாதம் 136.06 டாலராக இருந்தது. வரி கிடையாது. உங்கள் 70 சதவீதத் தொகைக்கு மேல் அப்படியே கூடும். பல குறைகளின் சதவீதங்களைச் சேர்த்துக் குறைக்கும் வி.ஏ.வின் விசித்திரக் கணக்குக்குள் இது போகாது. அந்த விகிதத்தில் வருஷத்துக்கு 1,632 டாலர் என்று வையுங்கள். இதைப் பெற முதலில் அந்தப் பூஜ்யத்தை வாங்கியாக வேண்டும், அதாவது இ.டி. உங்கள் ராணுவப் பணியோடு தொடர்புடையது என்று வி.ஏ. ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் அப்பீல்.

உங்கள் மறுப்பில் கோளாறு எங்கே என்பதுதான் முக்கியம். நீங்கள் எனக்கு அனுப்பிய வி.ஏ. மறுப்புக் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தையும் பரிசோதனை அறிக்கையின் கடைசிப் பத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பணிக்காலத்தில் புகார் இல்லை என்று முடிவு எழுதியவரும் பரிசோதகரும் எழுதியிருக்கிறார்கள். யார் சார் இருந்தது என்று சொன்னது? நீங்கள் சொன்னது, பணியால் வந்த பி.டி.எஸ்.டி., அதற்குத் தரும் மாத்திரை, அதனால் இந்தக் குறை என்ற சங்கிலி. 38 சி.எஃப்.ஆர். 3.310 என்ற மத்திய அரசு விதி சொல்லும் இரண்டாம் நிலைத் தொடர்பு அதுதான். அதில் பணிக்காலப் பதிவில் இல்லாதது ஒரு குறையே அல்ல. கேட்ட கேள்வி ஒன்று, பதில் எழுதியது வேறு ஒன்றுக்கு.

சர்க்கரை பற்றிச் சொன்னதில் இன்னொரு ஓட்டை. சர்க்கரைதான் காரணம் என்று எழுதினாலும், பி.டி.எஸ்.டி.யோ மாத்திரையோ அந்தக் குறையை மேலும் மோசமாக்கியதா என்பதற்குப் பதில் இல்லை. 2013ல் எல்-அமின் வழக்கில் முன்னாள் படைவீரர் உரிமை மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத்தான் சொன்னது: வேறு காரணத்தால் வந்தது என்ற கருத்து, மோசமாக்கல் என்ற கேள்விக்குப் பதிலாகாது. ஆனால் மோசமாக்கலை மட்டும் பிடித்துத் தொங்க வேண்டாம். அந்த வழியில் போனால், மோசமாவதற்கு முன் எந்த அளவு இருந்தது என்று மருத்துவச் சான்று கேட்பார்கள். இந்த நோயில் அதைக் காட்டுவது கஷ்டம். முதலில் 'மாத்திரையால் வந்தது', அது நிற்காவிட்டால் 'மாத்திரையால் மோசமானது' என்று இரண்டையும் எழுதுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் நல்ல துருப்பு உங்களுக்கே தெரியவில்லை. 2020ல் வி.ஏ. இணையதளத்தின் செய்திப் பெட்டியில் மருத்துவருக்கு, 'புது மாத்திரைக்குப் பிறகு வீட்டில் கொஞ்சம் பிரச்சினை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அவர், இந்த மருந்துக்கு அப்படி வருவதுண்டு, அளவை மாற்றிப் பார்க்கலாம் என்று பதில் போட்டிருக்கிறார். இதை ஏதோ போகிறபோக்கில் எனக்கு எழுதிய மின்னஞ்சலின் கடைசியில் சொல்லியிருக்கிறீர்கள்! சர்க்கரை கண்டுபிடித்தது 2022ல். அதற்கு இரண்டு வருஷம் முன்பே புகார் பதிவாகியிருக்கிறது, தேதியோடு. பரிசோதகர் இதைத் தொடவே இல்லை. மாத்திரை ஆரம்பித்த தேதி, அளவு கூட்டிய தேதி, இந்தச் செய்தி, சர்க்கரை கண்ட தேதி என்று நாலு வரியில் ஒரு கால வரிசை எழுதி முதல் தாளாக வையுங்கள்.

அடுத்து நெக்சஸ் கடிதம், அதாவது தொடர்பு உண்டு என்று மருத்துவர் எழுதித் தரும் கடிதம். ஒரு மருத்துவர் எழுத வேண்டியது 'பாதிக்குப் பாதியாவது வாய்ப்பு உண்டு' என்ற தரத்தில்தான். அதற்கு மேல் உறுதி சட்டம் கேட்பதில்லை. இரண்டு பக்கமும் சமமாக நின்றால் சந்தேகத்தின் பலன் உங்களுக்கு. ஆனால் 'தொடர்பு உண்டு' என்ற ஒற்றை வரியால் பயனில்லை. உங்கள் பதிவுகளைப் படித்ததாகவும், செர்ட்ரலின் வகை மருந்துகள் பாலியல் செயல்பாட்டை எப்படிப் பாதிக்கின்றன என்பதையும், சர்க்கரை வருவதற்கு முன்பே ஏன் ஆரம்பித்தது என்பதையும் அவர் காரணம் சொல்லி எழுத வேண்டும். காரணம் சொல்லாத கருத்துக்கு எடை இல்லை. 2008ல் நியேவ்ஸ்-ரோட்ரிக்ஸ் வழக்கில் தீர்ந்த விஷயம். வி.ஏ. மருத்துவர் எழுதித் தரத் தயங்கினால், வெளியில் சிறுநீரியல் (யூராலஜி) நிபுணரிடமோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ போங்கள். நிரூபிப்பதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திப் பார்க்காதீர்கள். இதை ஒருவர் செய்து, வேறு மாதிரி முடிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மனைவியும் ஒரு வாக்குமூலம் தரலாம், 21-10210 படிவத்தில். கண்டதைச் சொல்ல அவருக்கு மருத்துவப் படிப்பு தேவையில்லை. ஒரு பக்கம் போதும். 'மகளின் இரண்டாவது பிறந்தநாளுக்கு முன் இப்படி இல்லை, அந்த வருஷம் தீபாவளிக்குள் முழுதாக நின்றுவிட்டது' என்ற மாதிரி, நாள் தெரியும்படி இருக்கட்டும். படுக்கையறை வர்ணனை எதுவும் வேண்டாம்.

உடையைக் கழற்ற மறுத்ததால் கெட்டுப்போகவில்லை. 'படைவீரர் விருப்பப்படி பரிசோதிக்கவில்லை' என்று குறிக்கவே அந்தப் படிவத்தில் கட்டம் இருக்கிறது. உங்கள் அறிக்கையிலும் அதைத்தான் டிக் அடித்திருக்கிறார்கள். நோய் இல்லை என்று யாரும் எழுதவில்லையே.

இனி எந்தப் பாதை. 2019 பிப்ரவரி 19 முதல் வந்த முடிவுகளுக்கு மூன்று வழி: கூடுதல் மனு, மேல்நிலை மறுஆய்வு, படைவீரர் மேல்முறையீட்டு வாரியத்தில் அப்பீல். வேகமாக முடியும் என்று நண்பர்கள் மேல்நிலை மறுஆய்வுக்குப் போகச் சொல்வார்கள். அங்கே புது ஆதாரம் ஒன்றும் வாங்க மாட்டார்கள்; நெக்சஸ் கடிதத்தையும் மனைவியின் வாக்குமூலத்தையும் வெளியில் வைத்துவிட்டு உள்ளே போன கதையாகும். வாரியத்தில் ஆதாரம் தரலாம், ஆனால் காத்திருப்பு நீளம். உங்களுக்குக் கூடுதல் மனுதான், 20-0995 படிவம். புதிதாகவும் பொருத்தமாகவும் ஒரு ஆதாரம் இருந்தால் எடுத்துக்கொண்டே ஆக வேண்டும்; பதிவுகளைத் திரட்ட உதவும் கடமையும் வி.ஏ.வுக்குத் திரும்பி வரும். எஸ்.எம்.சி.-கேயும் கோருகிறேன் என்று அதிலேயே எழுதுங்கள். அவர்களாகவே பார்க்க வேண்டியதுதான், ஆனாலும் எழுதுங்கள்.

உங்களிடம் மூன்று மாதம் மிச்சம். முடிவுத் தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போட்டு ஜெயித்தால், முதல் மனு போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்கிட வாய்ப்பு உண்டு. ஒரு நாள் தாண்டினாலும் புது மனுவின் தேதியிலிருந்துதான். ஒரு வருஷம் என்பது கடிதத்தின் மேல் அடித்திருக்கும் தேதியிலிருந்து. தபால் பெட்டியைத் திறந்த நாளிலிருந்து என்று எண்ணாதீர்கள்.

வக்கீலாக என்னையே வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். நிலுவைத் தொகை சில ஆயிரம் டாலர்தான் வரும். அதில் 20 சதவீதம் வக்கீலுக்குப் போக வேண்டியதில்லை. டி.ஏ.வி., வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களிலும் உங்கள் கவுன்டி படைவீரர் சேவை அலுவலரிடமும் இலவசமாகச் செய்து தருவார்கள். 'உயர்வில் பங்கு கொடுங்கள், கடிதமும் நாங்களே வாங்கித் தருகிறோம்' என்று போனில் வருகிறவர்களிடம், வி.ஏ. அங்கீகாரம் உண்டா என்று ஒரே கேள்வி கேளுங்கள். இல்லையென்றால் போனை வையுங்கள்.

வாரியம்வரை போய்த் தோற்று, 120 நாளுக்குள் நீதிமன்றம் போகும் நிலை வந்தால் அப்போது எழுதுங்கள். இன்று ராத்திரி செய்ய வேண்டியது, அந்த 2020 செய்தியையும் மருத்துவர் பதிலையும் தேதி தெரிகிற மாதிரி தரவிறக்கி வைப்பது.