சிகிச்சை முடிந்த பிறகும் மனம் ஆறவில்லை, யாரோடு கதைப்பது?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "மார்புப் புற்றுநோய்க்குத் தெல்லிப்பழையில் சத்திரசிகிச்சை, கீமோ, கதிர்ச் சிகிச்சை எல்லாம் முடிந்து ஆறு மாதம். இப்போது நோய் திரும்ப வராமலிருக்கத் தமொக்சிபென் குளிசை போடுகிறேன். 'அதுதான் சுகமாகிட்டுதே, இனி என்ன யோசினை' என்கிறார்கள். எனக்கு நித்திரை இல்லை. தோளில் கொஞ்சம் நொந்தாலும் திரும்ப வந்திட்டுதோ என்று நெஞ்சு பதறுகிறது. யாரிடம் சொல்ல?"

சகோதரி, சிகிச்சை நடக்கும்போது பயப்படக்கூட நேரம் கிடைக்காது. இரத்தப் பரிசோதனை, ஊசி, விடிய எழும்பி பஸ் பிடிப்பது என்று நாள் ஓடிவிடும். எல்லாம் முடிந்து வீட்டில் இருக்கும்போதுதான் அடக்கி வைத்ததெல்லாம் மேலே வரும். வன்னியில் பலருக்கு யுத்தத்தில் இழந்தவர்களின் நினைவும் அதோடு சேர்ந்து கிளம்பும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் உங்கள் கிளினிக்கிலேயே வாய் திறந்து சொல்லுங்கள். அங்கே சனம் அதிகம், உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான். அதனால் "நித்திரை இல்லை, பயமாக இருக்கிறது, மனநல டொக்டரைப் பார்க்க வேண்டும்" என்று ஒரு துண்டில் எழுதி கிளினிக் கொப்பிக்குள் வைத்துக் கொடுங்கள். முல்லைத்தீவு மாவட்ட வைத்தியசாலை மனநலப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். யாழ்ப்பாணம்வரை அலையத் தேவையில்லை.

நித்திரைக் குறைவுக்கு அந்தத் தமொக்சிபென் குளிசையும் காரணமாக இருக்கலாம். உடம்பு திடீரென்று கொதிப்பதும் இரவில் வியர்ப்பதும் அதனால் வரும். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் மனநல டொக்டரிடம் அதைக் கட்டாயம் காட்டுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற பரொக்செட்டின், புளொக்செட்டின் போன்ற மருந்துகள் தமொக்சிபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். அவற்றுக்குப் பதிலாக வேறு மருந்துகள் இருக்கின்றன.

நோவைப் பற்றி: வேலை செய்ததால் வந்து போகிற நோவுக்குப் பதற வேண்டாம். இரண்டு கிழமைக்கு மேல் நின்றால், நாளுக்கு நாள் கூடினால், கிளினிக் திகதிவரை காத்திராமல் போய்க் காட்டுங்கள். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, கை வீங்கினாலோ உடனே போங்கள். இப்படி ஒரு கணக்கு கையில் இருந்தால் பயம் கொஞ்சம் அடங்கும்.

வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுக்கலாம். அல்லது பக்கத்து ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள்.

அப்புறம், என் அனுபவத்தில் டொக்டரைவிடப் பெரிய ஆறுதல், இதே வழியால் போய் வந்த இன்னொரு பெண். சிகிச்சை முடித்து இரண்டு மூன்று வருடமான, உங்கள் பக்கத்து அக்கா யாராவது இருக்கிறாரா என்று கிளினிக் தாதியிடம் கேளுங்கள். அவர் சம்மதித்தால் தாதி தொடர்புபடுத்தி விடுவார். நம்பர் வாங்கும்போதே, எந்த நேரம் எடுத்தால் அவருக்கு வசதி என்றும் கேட்டு வையுங்கள்.